படப்பிடிப்பில் பழகிய கை, பிரசாரத்தில் எழுத வேண்டிய கணக்கு

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் படப்பிடிப்புக் குழுக்களுக்கு ஜீப், ஜெனரேட்டர், தங்கும் அறை எல்லாம் ஏற்பாடு செய்து தொழில் பழகிய இளைஞர்களில் சிலரை, தேர்தல் அறிவிப்பு வந்ததும் வேட்பாளர் தரப்பினர் தேடி வருகிறார்கள். கொண்டை ஊசி வளைவுகளுக்கு நேரம் கணித்து ஆட்களைக் கொண்டுசேர்ப்பதும், மூடுபனி இறங்கினால் மாற்று இடம் தயாராக வைத்திருப்பதும் இரு துறைக்கும் பொது என்பதால், “அண்ணா, ரெண்டையும் சேர்த்துச் செய்யலாமா?” என்று என்னிடம் கேட்பவர்களுக்குச் செய்யலாம் என்றே சொல்கிறேன். பணத்தைக் கையாளும் பழக்கத்தை மட்டும் அவர்கள் முழுவதுமாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

படப்பிடிப்பில் மாலையானால் பேட்டாவை ரொக்கமாகக் கொடுத்து, வவுச்சரைப் பிறகு எழுதிக்கொள்ளும் வழக்கம் உண்டு. தேர்தலில் அது செல்லாது. வேட்பாளர் இதற்கென்றே தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். தேர்தல் முடியும் வரை ஒரே நபருக்கோ நிறுவனத்துக்கோ மொத்தமாக ரூ.10,000-க்கு மேல் போனால் காசோலை அல்லது வங்கிப் பரிமாற்றம்தான். 2022-இல் உயர்த்தப்பட்ட உச்சவரம்பின்படி தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளர் ரூ.40 லட்சமும், மக்களவை வேட்பாளர் ரூ.95 லட்சமும் செலவிடலாம்.

கோத்தகிரியை அடுத்த ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்) நடந்த கூட்டத்தில், மேடையைப் பார்க்காமல் நாற்காலி வரிசைகளையே கேமராவில் நிதானமாகப் பதிவுசெய்துகொண்டிருந்தவரை, எங்கள் பையன் ஒருவன் உள்ளூர் யூடியூப்காரர் என்று நினைத்து டீ கொடுத்து உபசரித்தான். அவர் தேர்தல் ஆணையத்தின் வீடியோ கண்காணிப்புக் குழுவைச் சேர்ந்தவர். அவர்கள் எடுக்கும் காட்சியைப் பார்த்து நாற்காலி, பந்தல், ஒலிபெருக்கி, வாகனம் ஆகியவற்றை எண்ணி, மாவட்ட நிர்வாகம் அறிவித்த விலைப்பட்டியலால் பெருக்கி, தனிப் பதிவேட்டில் ஏற்றுகிறார்கள். நாம் நூறு நாற்காலி என்று எழுதி அவர்களிடம் இருநூறு இருந்தால், நோட்டீஸ் வேட்பாளருக்கு வரும். மறுநாள் வேலை போவது நமக்கு. ஆள் பழக்கத்தைவிட அன்றன்றைக்குக் கணக்கு எழுதும் பழக்கத்தையே நான் பெரிய தகுதியாக மதிப்பது இதனால்தான்.

அனுமதி வாங்குவதில் சினிமாக்காரர்கள் தேறிவிடுவார்கள். காப்புக்காட்டுக்குள் கேமரா வைக்க வனத்துறையிடம் அலைந்தவருக்கு, வாகன அனுமதிச் சீட்டைக் கண்ணாடியில் ஒட்டுவதும் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்துவதும் பெரிய காரியமல்ல. போஸ்டரில் அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் இருக்கிறதா என்பதைத்தான் பலர் பார்க்கத் தவறுகிறார்கள்.

சம்பளத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். (தோற்ற வேட்பாளரின் கைபேசி பெரும்பாலும் அணைந்தே இருக்கும்.) முடிவு வெளியான 30 நாட்களுக்குள் வேட்பாளர் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும் என்பதால், உங்கள் பில்லையும் ஜீப்காரர், சமையல்காரர் பில்களையும் வாக்கு எண்ணிக்கைக்கு முன்பே அவருடைய முகவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள், கணக்கு தாக்கலான பிறகு நீட்டும் பில்லை வாங்க யாரும் முன்வர மாட்டார்கள்.