கீசரைக் கழற்றும் முன் குழாய் போகும் வழியைப் பாருங்கள்

மார்கழி பிறந்துவிட்டால் கடலூரிலும் புதுச்சேரியிலும் எனக்கு வரும் போன் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: "கீசர் லைட் எரியுது தம்பி, தண்ணி மட்டும் வெதுவெதுன்னுதான் வருது." அதற்குள் சிலர் தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட் மாற்றி, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் மாற்றி, புதுக் கீசரே வாங்கி மாட்டியிருப்பார்கள். ஆனால் குறை கீசரில் இருக்காது. சுவருக்குள் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் எங்கோ கலந்துகொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. முதலில் கீசர் சுவிட்சை அணையுங்கள். கீசருக்கு அடியில் நீல வளையம் போட்டது பச்சைத் தண்ணீர் உள்ளே போகும் வழி. சிவப்பு வளையம் போட்டது வெந்நீர் வெளியே வரும் வழி. நீலப் பக்கத்துச் சுவரில் உள்ள ஆங்கிள் காக்கை (தண்ணீரை அடைக்கும் சின்ன வால்வு) முழுக்க மூடிவிட்டு, வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் மிக்சர் குழாயில் வெந்நீர்த் திருகை மட்டும் திறங்கள். உள்ளே புதுத் தண்ணீர் வந்து தள்ளினால்தான் கீசரிலிருந்து வெந்நீர் வெளியே வரும். அதனால் சில நொடிகளில் தண்ணீர் நின்றுவிட வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் அது கீசர் வழியாக வரும் தண்ணீரே இல்லை. பச்சைத் தண்ணீர் ஏதோ ஒரு மிக்சர் வழியாக வெந்நீர் லைனுக்குள் புகுந்திருக்கிறது. அப்புறம் வீட்டில் உள்ள மற்ற மிக்சர்களை ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள். எதை மூடும்போது நிற்கிறதோ, அங்கேதான் கோளாறு.

பெரும்பாலும் மாட்டிக்கொள்வது பட்டன் வைத்த ஹேண்ட் ஷவர்தான். மிக்சரின் இரண்டு திருகையும் திறந்தே வைத்துவிட்டு, கையில் உள்ள பட்டனால் மட்டும் நிறுத்துவார்கள். வெளியே போக வழியில்லாத தண்ணீர், அழுத்தம் கூடுதலாக உள்ள பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்குப் போய்விடும். பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர்தான் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் தரும். மாடித் தொட்டி ஷவருக்கு மூன்று மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது 0.3 பார். இவ்வளவு குறைந்த அழுத்தத்தில், ஒரு பக்கம் உப்பு படிந்து குழாய் சுருங்கியிருந்தாலே போதும், மறுபக்கம் ஜெயித்துவிடும். பச்சைத் தண்ணீர் லைனுக்கு மட்டும் பிரஷர் பம்பு போட்ட வீடுகளில் கேட்கவே வேண்டாம்.

நம் பக்கம் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கடலோரம் என்பதால் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பாக இருக்கிறது. கீசர் எலிமென்ட்டில் உப்பு படியாமல் இருக்க, கீசருக்கு முனிசிபல் தண்ணீர்த் தொட்டியிலிருந்தும், குளியலறையின் பச்சைத் தண்ணீருக்குப் போர் தொட்டியிலிருந்தும் இணைப்புக் கொடுக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் இரண்டு தண்ணீரும் மிக்சரில் சந்திக்கின்றன. புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு வீட்டில், காலையில் சமையலறைக் குழாயைத் திறந்தால் வெதுவெதுப்பாகவும் கரிப்பாகவும் தண்ணீர் வந்தது. ஹேண்ட் ஷவர் பட்டனை மூடியதும் போர் தண்ணீர் மிக்சர் வழியாகக் கீசருக்குள் பின்பக்கமாகப் போய், அங்கிருந்து முனிசிபல் லைனில் இறங்கிச் சமையலறை வரை வந்திருக்கிறது. குழந்தைகளுக்குக் குடிக்கக் கொடுக்கும் தண்ணீர் அது. இப்படி ஒரு வீட்டைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. கீசர் நுழைவாயிலில், தண்ணீரை ஒரே பக்கமாக மட்டும் விடும் என்.ஆர்.வி. வால்வு போடுவது அவசியம்தான், ஆனால் அதை மட்டும் நம்ப மாட்டேன். மணல் துகள் ஒன்று சிக்கினாலும் அது சரியாக மூடாது. ஒரு குளியலறைக்கு வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் ஒரே தொட்டியிலிருந்து வரட்டும். குடிக்கிற, சமைக்கிற தண்ணீர் லைன் தனியாகப் போகட்டும்.

என்.ஆர்.வி. இருக்கும் கீசரில் தண்ணீர் சூடாகி விரியும்போது அழுத்தம் கூடினால் திறந்துவிடும் சேஃப்டி வால்வில் சில சொட்டு விழும். ஒழுகுகிறதென்று அதை எம்சீல் வைத்து அடைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். தெர்மோஸ்டாட்டும் பழுதானால் கீசர் வெடிக்கக்கூடும்.

நீலமும் சிவப்பும் மாறிப்போன கீசர்களும் உண்டு. அதில் பச்சைத் தண்ணீர் மேலே கொட்டி, கீழிருந்து வெளியே வரும். எவ்வளவு நேரம் காய்ந்தாலும் ஒரு குவளை நல்ல வெந்நீர் கிடைக்காது. இணைப்பை மாற்றினால் சரியாகிவிடும்.

மிக்சரைப் பார்த்து நின்றால் இடது பக்கம் வெந்நீர், வலது பக்கம் பச்சைத் தண்ணீர் என்பதுதான் முறை. மாறியிருந்தால், வந்து தங்கும் பெரியவர்கள் தெரியாமல் திருகிவிடுவார்கள். 60 டிகிரி தண்ணீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். உடனே டைல்ஸை உடைக்க வேண்டாம். திருகின் சிவப்பு, நீல மூடிகளை மாற்றிப் போடலாம். ஒற்றைக் கைப்பிடி மிக்சர் சிலவற்றில் உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜைத் திருப்பிப் போட்டாலே பக்கம் மாறிவிடும்.

வெந்நீர் லைனுக்கு சூடு தாங்கும் வெளிர் மஞ்சள் நிற சி.பி.வி.சி. குழாய்தான் போட வேண்டும். மிச்சம் கிடக்கிறதே என்று வெள்ளை யு.பி.வி.சி.யைச் சேர்த்தால் 60 டிகிரிக்கு மேல் இளகி, இணைப்பில் விட்டுவிடும்.

புது வீடு கட்டுகிறவர்கள் டைல்ஸ் ஒட்டும் முன் ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வையுங்கள். அளவு டேப்பைத் தரையிலிருந்து குழாய் வரை பிடித்து, எண் தெரியும்படி எடுக்க வேண்டும். எது வெந்நீர், எது போர், எது முனிசிபல் என்று சுண்ணாம்புக் கட்டியால் சுவரிலேயே எழுதிவிட்டு எடுத்தால், பின்னால் வரும் எந்த பிளம்பரும் தப்பான இடத்தில் துளை போட மாட்டார்.