வாக்கிங் சிமுலேட்டர்: தமிழில் கதையுலா

துப்பாக்கி இல்லை, எதிரி இல்லை, மதிப்பெண் இல்லை. ஓரிடத்தில் மெல்ல நடந்து, அங்கே ஒளிந்திருக்கும் கதையைக் கண்டெடுக்க வேண்டும். இப்படிப்பட்ட வீடியோ கேமுக்கு ‘வாக்கிங் சிமுலேட்டர்’ என்று பெயர்.

கேலியாகப் பரவிய பெயர் இது. போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றிலிருந்து 2008இல் பிறந்த ‘டியர் எஸ்தர்’, 2012இல் விற்பனைக்கு வந்தது. ஸ்காட்லாந்தை ஒட்டிய ஹெப்ரிடீஸ் தீவுக்கூட்டத்தின் ஆளில்லாத தீவு ஒன்றில் நடக்கிறோம், குதிக்கக்கூட முடியாது. எஸ்தருக்கு எழுதிய கடிதங்களை ஒரு குரல் துண்டுதுண்டாக வாசிக்கிறது. மறுமுறை ஆடினால் துண்டுகள் மாறி வரும். நடப்பது மட்டும் ஓர் ஆட்டமாகுமா என்று கேட்டவர்கள் இந்தப் பெயரால் குத்திக்காட்டினார்கள். இன்று வீடியோ கேம்களை விற்கும் ஸ்டீம் இணையக் கடையிலேயே இது ஒரு வகைப்பெயர்.

‘போன்ற’ எனப் பொருள்படும் ‘சிமிலிஸ்’ என்ற லத்தீன் சொல்லின் வழியில் வந்தது சிமுலேட்டர். விமானப் பயிற்சிக்கான சிமுலேட்டரில் ஒவ்வொரு கருவியும் மெய்யானதைப் போலவே இயங்க வேண்டும். இங்கே நடையை அப்படி யாரும் போலச் செய்வதில்லை. ஒரு விசையை அழுத்திப் பிடித்தால் போதும். ஆகவே ‘நடைப்போலி’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கேலி மட்டுமே தமிழுக்கு வந்து சேரும்.

2013இல் வந்த ‘கான் ஹோம்’ ஆட்டத்தையே பாருங்கள். 1995 ஜூன், மழை இரவு. வெளிநாட்டிலிருந்து மூத்த மகள் வீடு திரும்புகிறாள். வீட்டில் யாருமில்லை, தன்னைத் தேட வேண்டாம் என்று தங்கை எழுதிய சீட்டு கதவில் இருக்கிறது. விளக்கைப் போட்டு, இழுப்பறையைத் திறந்து, கசங்கிய தாளைப் படிக்கப் படிக்க, ஒரு குடும்பத்தின் மனம் நமக்குப் புரியத் தொடங்குகிறது. நம் வேகத்தில், நாமே தேடி அறிந்தது என்பதால் அந்தத் தங்கை நெஞ்சில் தங்கிவிடுகிறாள். எனக்கு இந்த வகை பிடித்துப்போனது அதனால்தான்.

இதற்குக் ‘கதையுலா’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். உலாவுதல், அவசரமின்றி நடத்தல். பிரவுசருக்கு ‘உலாவி’ ஏற்கெனவே நிலைத்துவிட்டது. ஒட்டக்கூத்தரின் மூவருலாவில் மன்னன் வீதியில் வர, ஏழு பருவப் பெண்களும் அவனைப் பார்க்கிறார்கள். கதையுலாவில் பார்வை திசை மாறுகிறது: உலா வருபவரே பார்க்கிறார், வீதி தன் கதையைக் காட்டுகிறது.

வாக்கியத்தில்: ‘வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச்’ என்ற கதையுலா, 2018இல் சிறந்த ஆட்டத்துக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதைப் பெற்றது.