பழைய பள்ளிக்கூடத்தை இடிக்கக் கையெழுத்திடும் முன்

2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். அதன் பிறகு தமிழகமெங்கும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களை இடிக்கும் வேலை வேகமெடுத்தது. அந்த அச்சம் நியாயமானது. ஆனால், பழைய கட்டடங்களைச் சோதித்துச் சீரமைக்கும் பொறியாளன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: கட்டடத்தின் வயதை மட்டும் வைத்து அதன் பலத்தை முடிவு செய்ய முடியாது.

1854இல் வந்த, இந்திய நிர்வாகத்தை மேற்பார்த்த பிரிட்டிஷ் அமைச்சர் சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் கிடைக்க வழி செய்தது. 1884ஆம் ஆண்டு சென்னை மாகாண உள்ளாட்சிச் சட்டத்துக்குப் பிறகு ஜில்லா போர்டு, தாலுகா போர்டு என்ற உள்ளாட்சி அமைப்புகள் பள்ளிகளை நடத்தின. சிற்றூர்களில் பெரியவர்கள் இன்றும் ‘போர்டு ஸ்கூல்’ என்று சொல்வது அந்தக் காலத்தின் மிச்சம். இக்கட்டடங்களில் பல, கனத்த செங்கல் சுவரும் சுண்ணாம்புக் காரையுமாக எழுந்தவை. கூரை மங்களூர் ஓடாக இருக்கும். இல்லையென்றால் மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, மெல்லிய செங்கற்களைக் குறுக்குச் சாய்வாகக் குத்திட்டு அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டை ஓடு பதிப்பார்கள். கம்பியே இல்லாத கூரை. அதனால் இன்றைய கான்கிரீட்டைப் போலக் கம்பி துருப்பிடித்து வெடிக்கும் நோய் இதற்குக் கிடையாது.

இதைக் கொல்வது தண்ணீர். மாடியில் மழைநீர் வடியும் குழாய் இலைதழையால் அடைத்துக்கொள்ளும். கைப்பிடிச் சுவரில் ஓர் அரசங்கன்று முளைக்கும். தேக்குக் கட்டையின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில் ஈரம் தங்கி, கட்டை உளுத்துப்போகும். நடுவில் தட்டினால் கணீரென்று ஒலிக்கும் கட்டை, முனையில் கோணூசியைக் குத்தினால் மாவாக உதிரும். பரிசோதனைக்கு வருபவர் ஏணி போட்டு அந்த முனைகளைப் பார்த்தாரா என்று ஊர்க்காரர்கள் கட்டாயம் கேளுங்கள்.

இன்னொரு கேடு, நல்லெண்ணத்தோடு செய்யப்படும் சிமெண்ட் பூச்சு. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். தரையிலிருந்து ஏறும் ஈரத்தோடு வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து செங்கலைப் பொடியாக்கும். வெளியே புது வண்ணம் பளபளக்கும்போதே உள்ளே சுவர் கரைந்துகொண்டிருக்கும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே பூச வேண்டும். வேலை தெரிந்த கொத்தனாரைத் தேட வேண்டியிருக்கும், தேடுங்கள்.

பழைய பள்ளியை இடிக்காமல் வேறு பயனுக்கு மாற்றலாம் என்றதும் எல்லோரும் நூலகம் என்கிறார்கள். உயர்ந்த ஜன்னல்களும் நீண்ட தாழ்வாரமும் கொண்ட வகுப்பறைகள் வாசிப்புக்கு அருமையானவை என்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் புத்தகம் பெரும் பாரம். இந்தியத் தர நிர்ணயப்படி வகுப்பறைத் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ தாங்கினால் போதும். புத்தக அடுக்கறைக்குக் குறைந்தது 600 கிலோ வேண்டும். எனவே அலமாரிகள் கீழ்த்தளத்தில்தான் நிற்க வேண்டும். மாடியில் மேசையும் நாற்காலியும் போடலாம், அதுவும் கட்டைகளைச் சோதித்த பிறகு. இரண்டு வகுப்பறைகளைச் சேர்த்துக் கூடமாக்க நடுச்சுவரை எடுக்கும் யோசனையை முதலிலேயே மறுத்துவிடுங்கள். இங்கே தூண்கள் இல்லை; கூரையைச் சுமப்பதே அந்தச் சுவர்தான்.

வரைபடம் போடும் முன்பே நிலத்தின் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் எடுத்துப் படியுங்கள். பள்ளிக்கென்று தானமாக வந்த நிலமானால், வேறு பயனுக்குத் தடை விதிக்கும் நிபந்தனை அதில் இருக்கக்கூடும். வழக்கறிஞர் பார்த்தாக வேண்டும். தலைமையாசிரியர் அறையில் கிடக்கும் மாணவர் சேர்க்கைப் பதிவேடுகளையும் அப்போதே பத்திரப்படுத்துங்கள். பிறந்த தேதிக்கு அதைத் தவிர வேறு சான்று இல்லாத முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.