“நார்அட் அஞ்சு மில்லி ஓடுது” என்று இனியும் சொல்லாதீர்கள்

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த ஒரு நோயாளிக்கு இரத்த அழுத்தம் திடீரென ஏறியதற்குக் காரணம் தெரியவில்லை என்று சென்ற வாரமும் ஆலோசனை கேட்டார்கள். காரணம், மருந்தைச் சீரான வேகத்தில் செலுத்தும் சிரிஞ்சு பம்பிலேயே இருந்தது. இரவு டூட்டியில், இரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்தான நார்அட்ரினலினை (‘நார்அட்’) 4 மில்லிகிராம் எடுத்து 50 மில்லியாகக் கலந்து மணிக்கு 5 மில்லி வேகத்தில் ஓட்டியிருக்கிறார்கள். காலையில் சிரிஞ்சு தீர்ந்தபோது, அடுத்து வந்தவர் தாம் முன்பு பணிபுரிந்த பிரிவின் வழக்கப்படி அதே 50 மில்லியில் 8 மில்லிகிராம் கலந்து, ஷிப்ட் மாறும்போது சொல்லப்பட்ட அதே 5 மில்லியில் விட்டுவிட்டார். நோயாளிக்குப் போனது இரண்டு மடங்கு மருந்து.

வழக்கம்போல ஒரு செவிலியருக்கு மெமோ கொடுத்து, ‘அலட்சியம்’ என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். இதில் அலட்சியம் எங்கே இருக்கிறது? சொன்னவர் உள்ளதைத்தான் சொன்னார். கேட்டவர் கேட்டபடிதான் செய்தார். மில்லி என்பது கரைசலின் அளவே தவிர மருந்தின் அளவன்று என்பதால், ஒரே வாக்கியத்துக்கு இரண்டு டோஸ்கள் இருந்தன. அவரை மாற்றிவிட்டு வேறொருவரை நியமித்தாலும் அந்த வாக்கியம் அங்கேயேதான் இருக்கும். மெமோவின் ஒரே பயன், அடுத்த தவறு வெளியே சொல்லப்படாமல் போவதுதான்.

“ஒரு ஆம்பியூல் பொட்டாசியம் போடு” என்பது இதைவிட ஆபத்தானது. 15 சதவீதப் பொட்டாசியம் குளோரைடின் 10 மில்லி ஆம்பியூலில் (சிறு மருந்துக் குப்பியில்) 20 மில்லிஈக்விவலன்ட் (mEq) பொட்டாசியம் இருக்கிறது; அதைக் கரைக்காமல் நேராகச் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். “இன்சுலின் பத்து” என்பதும் அப்படியே: மில்லிக்கு 100 யூனிட் உள்ள குப்பியிலிருந்து, மில்லிக்கு 40 யூனிட் கணக்கில் கோடிட்ட சிரிஞ்சில் பத்தாம் கோடுவரை எடுத்தால் உள்ளே போவது 25 யூனிட்.

ஆகவே மருந்தின் பெயர், டோஸ், யூனிட், செலுத்தும் வழி, வேகம் ஆகிய ஐந்தையும் சொல்லுங்கள். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லட்டும். டோபமினா, டோபுடமினா என்று ஒன்றுபோல் ஒலிக்கும் மருந்துப் பெயர்களில் வரும் குழப்பம் அங்கேயே தீரும். தொலைபேசி ஆணையை உடனே கேஸ் ஷீட்டில் நேரத்துடன் எழுதி, மருத்துவரிடம் கையெழுத்து வாங்குங்கள். 1 என்பதை 1.0 என்று எழுதாதீர்கள். புள்ளி மங்கினால் அது பத்தாகும். ஒரு பிரிவுக்குள் ஒரு மருந்துக்கு ஒரே கலவைதான் இருக்க வேண்டும், அதுவும் சிரிஞ்சின் லேபிளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஷிப்ட் ஒப்படைப்பை நர்சிங் ஸ்டேஷனில் உட்கார்ந்தபடி முடிக்காமல், கட்டிலருகே நின்று, பம்பிலிருந்து நோயாளிவரை ட்யூபைக் கையால் பிடித்துப் பார்த்துச் செய்யுங்கள்.

மூத்த மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரவு இரண்டு மணிக்கு டூட்டி டாக்டரோ செவிலியரோ அழைத்து, “சார், எத்தனை மைக்ரோகிராம் என்று இன்னொரு முறை சொல்லுங்கள்” என்று கேட்டால், தயவுசெய்து எரிந்துவிழாமல் பதில் சொல்லுங்கள்.