வகுப்பை அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகாதீர்கள்

இந்த ஆண்டில் இது மூன்றாவது முறை. கணிதத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒருவர் ஒன்பதாம் வகுப்பில் தனியாக நிற்கிறார். அவரோடு சேர்ந்து பாடம் எடுக்க வேண்டிய ஆசிரியர், ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறார். கேட்டால், "தம்பிக்கு என்னைவிட நிறையத் தெரியும், அவரே பார்த்துக்கட்டும்" என்கிறார். மனதார, மரியாதையோடுதான் சொல்கிறார். எனக்குத்தான் ஆற்றவில்லை.

ஆய்வு மாணவர்களையும் பள்ளி ஆசிரியர்களையும் இணைத்து வகுப்புக்கு அனுப்புவது என் பணி. நிறையப் படித்தவர் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்ற நம்பிக்கையை எதிர்த்துத்தான் நான் ஓயாமல் மல்லுக்கட்டுகிறேன்.

அன்று நடந்தது இதுதான். ஒரு மாணவி கரும்பலகையில், இரண்டு எண்களின் கூடுதலை வர்க்கப்படுத்த, தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டினால் போதும் என்று எழுதினாள். ஆய்வு மாணவர் "தவறு, நடு உறுப்பு விட்டுப்போச்சு" என்று அழித்துவிட்டுச் சரியான முற்றொருமையை எழுதினார். அவளும் பார்த்து எழுதிக்கொண்டாள். அடுத்த கணக்கில் அதே தவறு.

அவள் கவனக்குறைவாக எழுதவில்லை. அடைப்புக்குறிக்கு வெளியே உள்ள 2, உள்ளே இருக்கும் ஒவ்வொன்றையும் பெருக்கும் என்று நாம்தான் பழக்கினோம். வர்க்கமும் அப்படியே உள்ளே போகும் என்று நினைத்துவிட்டாள். அனுபவமுள்ள ஆசிரியருக்கு இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தவுடன் தெரியும். 3, 4 என்று எண்களைக் கொடுத்துப் போடச் சொல்வார். ஒரு பக்கம் 49, மறுபக்கம் 25. பிறகு பக்கம் 7 உள்ள சதுரத்தை வரைந்து பிரித்துக் காட்டுவார்: 9, 16, கூடவே 12 பரப்புள்ள இரண்டு செவ்வகங்கள். விடுபட்ட 24 கண்ணெதிரே நிற்கும். ஆய்வு மாணவருக்கு இந்த முற்றொருமை மூச்சு விடுவதுபோல் ஆகிப் பல ஆண்டுகள் ஆயிற்று. தான் எங்கே தடுமாறினோம் என்பது அவருக்கு நினைவில் இல்லை. பாடத்தை அறிவது வேறு, அதைக் கற்பிக்கத் தேவையான அறிவு வேறு என்று அமெரிக்கக் கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் 1986-இலேயே எழுதிவிட்டார்.

அப்படியானால் ஆய்வு மாணவர் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. வகுப்பு முடிந்து நடைவழியில் அவர் என்னிடம் கண்கள் மின்னச் சொன்னார்: "ஒற்றையா இரட்டையா என்று மட்டும் பார்த்தால் அந்தப் பொண்ணு எழுதினது எப்பவும் சரி!" ஆமாம், முழு எண்களை எடுத்துக்கொண்டால் செவ்வகங்கள் ஜோடியாகவே வருவதால் விடுபடுவது எப்போதும் இரட்டை எண்தான். 49 ஒற்றை, 25-உம் ஒற்றை. தவறு என்று அழிக்கப்பட்ட ஒன்று செல்லுபடியாகும் இடமும் கணிதத்தில் இருக்கிறது என்று அந்தப் பெண் கேட்டிருக்க வேண்டாமா? நடைவழியில் என்னிடம் சொல்லி என்ன பயன்? செவ்வகங்களை ஆசிரியர் வரைந்து முடித்த அடுத்த நிமிடம் அவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு இருவரும் ஒரே அறையில் இருந்திருக்க வேண்டும்.

பள்ளிக் கணிதத்துக்கும் பல்கலைக்கழகக் கணிதத்துக்கும் நடுவே உள்ள இந்த விரிசலைப் பற்றி ஜெர்மானியக் கணிதவியலாளர் ஃபெலிக்ஸ் கிளைன் 1908-இலேயே கவலைப்பட்டார். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1999-இல் தொடங்கிய ஜிகே-12 திட்டத்திலும் ஆய்வு மாணவர்கள் ஆசிரியரோடு சேர்ந்து உழைக்கவே பள்ளிகளுக்குப் போனார்கள்.

ஆசிரியர்களே, அறையைவிட்டு வெளியே போகாதீர்கள். வகுப்புக்கு முன் கால் மணி நேரம் உட்கார்ந்து, இன்று பிள்ளைகள் எங்கெங்கே தவறுவார்கள் என்று ஆய்வு மாணவரிடம் சொல்லுங்கள். விடைத்தாள் கட்டை அவர் தலையில் கட்டாதீர்கள்.

ஆய்வு மாணவர்களே, முதல் இரண்டு வாரம் சாக்பீஸைத் தொட வேண்டாம். கடைசி வரிசையில் உட்கார்ந்து நோட்டுகளைப் பாருங்கள். "இது ரொம்ப ஈசி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், தயவுசெய்து. புரியாத பிள்ளை அதற்குப் பிறகு வாயே திறக்காது. மாதக்கணக்கில் முட்டி மோதியும் பிடிபடாத உங்கள் ஆய்வுக் கணக்கின் கிறுக்கல் தாள்களைக் கொண்டுவந்து காட்டுங்கள்.

ஆசிரியர், ஆய்வு மாணவர் இருவருக்கும் பொதுவாக ஒரு பாடவேளையைத் தலைமையாசிரியர்கள் ஒதுக்கினால் போதும். ஆய்வு மாணவர் பள்ளிக்குப் போகும் நாளில் அவருடைய ஆய்வு நெறியாளர்கள் கலந்தாய்வு வைக்காமல் இருந்தால் பெரிய உதவி.

திங்கட்கிழமை அதே வகுப்புக்கு இருவரையும் சேர்த்து அனுப்புகிறேன். ஆசிரியர் சதுரத்தை வரைவார். அதன் பிறகு, அந்த மாணவி அன்று எழுதிய வரியை ஆய்வு மாணவர் மறுபடி கரும்பலகையில் எழுதுவார்.