250 மில்லியும் 250 கிராமும் ஒண்ணு இல்லங்க

மறுபடியும் ஒரு போட்டோ. நடுவுல குழி விழுந்து, அடியில வெண்ணெய் ஊறிக்கிடக்குற ஒரு கேக்கு, கூடவே "மேம், என் ஓவன்ல ஏதோ கோளாறு போல"ன்னு மெசேஜ். ஓவன் பாவம் என்னங்க பண்ணும்? நான் எழுதிக் குடுத்தது மைதா, சர்க்கரை, வெண்ணெய் மூணும் 250 கிராம், முட்டை 5. இவங்க என்ன பண்ணிருக்காங்கன்னா, மெஷரிங் கப்புல 250ன்னு ஒரு கோடு இருக்கே, வெண்ணெயை உருக்கி, மூணையும் அந்தக் கோடு வரைக்கும் ரொப்பிட்டாங்க.

அந்தக் கோடு மில்லிங்க. கிராம் இல்ல. தண்ணிக்கு மட்டும்தான் ரெண்டும் ஒண்ணா வரும். சந்தேகமா இருந்தா வீட்டுல இருக்கிற எண்ணெய் பாக்கெட்டை எடுத்துப் பாருங்க, 1 லிட்டர்னு போட்டு பக்கத்துலயே 910 கிராம்னு போட்டிருக்கும். எண்ணெய்க்கே இப்படின்னா மைதாவுக்கு? ஒரு படி அரிசியும் ஒரு படி பொரியும் ஒரே கனமான்னு கேட்டா சிரிக்கிறீங்க, மைதான்னு வந்தா மட்டும் எப்படி மறந்துபோகுது? அந்தக் கோடு வரைக்கும் மைதா போட்டா 130 கிராம்தான் தேறும், அதாவது பாதி மாவு, ஆனா வெண்ணெய் கிட்டத்தட்ட முழுசா போயிருக்கு, முட்டையும் 5, அப்புறம் கேக்கு உக்காராம என்ன செய்யும்.

240 மில்லி கப்புக்கு தோராயமா சொல்றேன், எழுதி ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டிக்கோங்க: மைதா 125 கிராம், சர்க்கரை 200, வெண்ணெய் 225, கோகோ பவுடர் 90, தேன் 340. ரெசிப்பில இருக்கிற கிராமை இதால வகுத்தா எத்தனை கப்புன்னு வந்துரும். 250 கிராம் மைதான்னா 2 கப்பு, அதே 250 கிராம் சர்க்கரைன்னா ஒண்ணேகால். வெண்ணெயை உருக்கி அளக்குற வேலையே வேணாம், 500 கிராம் கட்டியைப் பாதியா வெட்டுங்க, முடிஞ்சது.

மைதா டப்பாவுக்குள்ள கப்பை விட்டு அள்ளாதீங்க, தட்டித் தட்டி அமுக்காதீங்க, அப்படி எடுத்தா அதே கப்பு 150க்கு மேல போயிரும். சலிச்சுட்டு ஸ்பூனால எடுத்துப் போட்டு, கத்தி முதுகால வழிச்சு விடுங்க. ரைஸ் குக்கரோட வர்ற கப்பு 180 மில்லிதான், தயவுசெஞ்சு அதை இந்தப் பக்கம் கொண்டுவராதீங்க. "எந்தக் கப்பா இருந்தா என்ன மேம், எல்லாத்தையும் அதுலயே அளந்தா விகிதம் சரியாதானே வரும்"னு ஒருத்தங்க கேட்டாங்க. ரொட்டிக்கு வரும். கேக்குல முட்டைன்னு ஒண்ணு இருக்கே, அது உங்க கப்புக்குத் தகுந்த மாதிரி சின்னதாகுமா?

ஊறுகாய் போடுறவங்களுக்கும் ஒரு வார்த்தை: தூள் உப்பு ஸ்பூன் கணக்குல எழுதியிருந்தா அதே ஸ்பூன்ல கல் உப்பு போடாதீங்க, கல்லுக்கு நடுவுல இடைவெளி இருக்கும், உப்பு குறைஞ்சு பூஞ்சை புடிக்கும்.

முடிஞ்சவங்க ஒரு டிஜிட்டல் தராசு வாங்கிருங்கம்மா, ஒரு கேக்குக்கு வாங்குற சாமானை விட பெருசா ஒண்ணும் செலவாகாது. ஆனா பேக்கிங் சோடாவை மட்டும் அதுல போட்டு நிறுக்காதீங்க, வீட்டுத் தராசு ரெண்டு மூணு கிராமுக்கெல்லாம் தடுமாறும். அதுக்கு 5 மில்லி அளவு ஸ்பூன்தான், தலை தட்டி. டீ கலக்குற ஸ்பூன் இல்ல.