அடி வாங்கும் மீனை அல்ல, அடிக்கும் மீனை வெளியே எடுங்கள்

"ஆறு மாசமா சாதுவா இருந்த மீனுங்க டாக்டர். நேத்துலேர்ந்து எல்லாத்தையும் துரத்தித் துரத்திக் கடிக்குது. ஒண்ணு செத்தே போச்சு." தொலைபேசியில் அந்த அம்மாவின் குரல் தழுதழுத்தது. 150 லிட்டர் தொட்டி. நான்கு ஏஞ்சல், பத்து லெமன் டெட்ரா, தரையில் மேயும் ஐந்து கோரிடோராஸ். அடிபட்ட மீன்களை ஒவ்வொன்றாகப் பிடித்து வாளியில் விட்டிருந்தார். நான் போனபோது வாளியில் ஆறு மீன்கள் இருந்தன. தொட்டிக்குள் ஏழாவது மீன் அடி வாங்கிக்கொண்டிருந்தது.

அன்போடு செய்கிற தவறு என்பதால் யாரையும் குறை சொல்ல மனம் வருவதில்லை. ஆனால் அடிபட்ட மீனை எடுத்துவிட்டால் சண்டை நிற்பதில்லை. அடிக்கிற மீனுக்குத் தன் எல்லை இன்னும் உறுதியாகிறது. அடுத்து எளிதாகக் கிடைப்பதைத் துரத்தத் தொடங்குகிறது. இரத்தக் காயம் பட்ட மீனைத் தனியே வைத்துத்தான் ஆக வேண்டும். கூடவே, அடிக்கிற மீனும் வெளியே வர வேண்டும்.

அதற்கு முன் யார் அடிக்கிறது, எதற்காக அடிக்கிறது என்று தெரிய வேண்டும். நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் இருபது நிமிடம் தொட்டிக்கு எதிரே சும்மா உட்கார்ந்திருப்பேன். புது ஆள் வந்ததும் மீன்கள் மிரளும். பத்து நிமிடம் கழித்துத்தான் இயல்புக்குத் திரும்பும். அன்று நான்கு ஏஞ்சல்களில் இரண்டு மட்டும் ஃபில்டர் குழாயை விட்டு நகரவில்லை. டெட்ராக்கள் எதிர் மூலையில் நீர்மட்டத்தை ஒட்டி, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, நிறம் வெளிறி நின்றன. குழாயின் பின்புறம் டார்ச் அடித்துப் பார்த்தேன். வரிசை வரிசையாக முட்டைகள்.

அவை கெட்டுப்போன மீன்கள் அல்ல, தாயும் தந்தையும் ஆகிவிட்ட மீன்கள். ஏஞ்சலும், முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கும் சிக்லிட் குடும்பம்தான். முட்டை பொரிய இரண்டு மூன்று நாள், குஞ்சுகள் தாமாக நீந்த ஏறத்தாழ ஒரு வாரம். அதுவரை எதிரே வருவது எதுவானாலும் அவற்றுக்குப் பகைதான். முட்டையைச் சுரண்டி எறிந்தாலும் பயனில்லை, இரண்டே வாரத்தில் மறுபடி இடும். ஜோடிக்குத் தனித் தொட்டி கொடுப்பதே தீர்வு.

எல்லா வீட்டிலும் காரணம் இப்படிக் கண்ணுக்குத் தெரிவதில்லை. கடையில் விரல் நீளத்தில், தொட்டியைச் சுத்தமாக்கும் என்று சொல்லி விற்கப்படும் சைனீஸ் அல்ஜி ஈட்டரைப் பாருங்கள். குட்டியாக இருக்கும்வரை பாசியை மேயும். வளர வளர பாசியில் நாட்டம் குறையும். தட்டையான உடல்கொண்ட ஏஞ்சல், டிஸ்கஸ், மெதுவாக நீந்தும் கோல்டு ஃபிஷ் ஆகியவற்றின் விலாவில் ஒட்டிக்கொண்டு உடம்பின் வழவழப்பை உறிஞ்சும். அந்த வழவழப்புதான் மீனுக்குக் கவசம். அது போன இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் புகும். இரவில் இப்படி நடந்துவிட்டால், காலையில் செதில் உதிர்ந்த மீனைப் பார்த்துவிட்டு நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுவார்கள். 25 சென்டிமீட்டர் வரை வளரக்கூடிய மீன் இது. விற்கும்போதே இதைச் சொல்லிவிட்டால் எத்தனையோ மீன்கள் பிழைக்கும்.

டைகர் பார்ப் கதை நேர் எதிர். அங்கே கூட்டம் குறைந்ததுதான் வினை. எட்டு, பத்து சேர்ந்திருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடி யார் பெரியவன் என்று தீர்த்துக்கொள்ளும். மூன்றோ நான்கோ மட்டும் மிஞ்சினால் அந்த வேகமெல்லாம் நீளத் துடுப்புள்ள கௌராமி மீதும் ஃபைட்டர் மீதும் திரும்பும். செர்ப்பே டெட்ராவும் அப்படியே. தொட்டி கொள்ளுமானால் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். கொள்ளாதென்றால் நீளத் துடுப்பு மீன்களை வேறு வீட்டுக்கு மாற்றுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லா மீன்களும் சேர்ந்து ஒரே மீனைக் குத்துகின்றன என்றால், அந்த ஒரு மீனைச் சோதியுங்கள். வயிறு உப்பியிருக்கிறதா, செவுள் வேகமாக அடிக்கிறதா, நீந்தத் தடுமாறுகிறதா? நோயுற்ற மீனை மற்றவை விட்டுவைப்பதில்லை. அதேபோல் ஒரு மீன் சடாரென்று பாய்ந்து கல்லில் உடம்பைத் தேய்த்தால் அது கோபமில்லை, அரிப்பு. வெண்புள்ளி நோயோ, மீன் கழிவால் தண்ணீரில் சேரும் அம்மோனியாவோ இருக்கலாம். அன்றே தண்ணீரைச் சோதித்துவிடுங்கள்.

துரத்தப்படும் மீன் பெரும்பாலும் கடியால் சாவதில்லை. பகல் முழுக்க ஒளிந்து, தீனிக்கு வர முடியாமல், பயத்தில் எதிர்ப்புச் சக்தி குன்றிச் சாகிறது. அதனால்தான் "பெரிய காயம் ஒண்ணும் இல்லையே, பார்த்துக்கலாம்" என்ற பேச்சைக் கேட்டால் எனக்குப் பதறுகிறது. ஒரு மீன் இரண்டு வேளை தீனிக்கு வரவில்லையென்றால் தாமதிக்காதீர்கள்.

அடிக்கிற மீனை ஒரு வாரம் தனியே வையுங்கள். அதற்குள் தொட்டியிலுள்ள கல், மரக்கட்டை, செடி அத்தனையையும் இடம் மாற்றி, ஒரு மூலையிலிருந்து மறு மூலை தெரியாதபடி மறைப்புகளை உண்டாக்குங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு அதைத் திரும்ப விடுங்கள். பழைய எல்லைக் குறிகள் ஒன்றும் இருக்காது. மற்ற மீன்கள் அதற்குள் தங்கள் இடத்தைப் பிடித்திருக்கும். தீனியை ஒரே நேரத்தில் இரண்டு முனைகளில் போடுங்கள். இத்தனைக்குப் பிறகும் அடங்காத மீன்கள் உண்டு. அவற்றைக் கடையில் திருப்பிக் கொடுங்கள், அல்லது தனித் தொட்டி வைத்திருப்பவரிடம் சேர்த்துவிடுங்கள். குளத்திலோ ஆற்றிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். தொட்டிகளிலிருந்து தப்பிய சக்கர் மீன் என்ற கெளுத்தி வகை பல நாடுகளின் நீர்நிலைகளில் பெருகி, அந்தந்த ஊர் மீன்களின் வாழ்வைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

அந்த அம்மாவிடம் இரண்டாவது தொட்டி இல்லை. ஏஞ்சல் ஜோடியை என் தொட்டிக்கு எடுத்துவந்தேன். வரும்போது ஒன்று சொல்லிவிட்டு வந்தேன்: சிறிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றைப் பெரிய தொட்டியின் மூலையில் எப்போதும் ஓடவிடுங்கள். மீன் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா அதில் குடியேறியிருக்கும். அவசரத்துக்கு அதைத் தூக்கி ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டால், பத்தே நிமிடத்தில் மீன் தங்க இடம் தயார்.